ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவுக்கு முதுகுக்குக் கீழே சிவப்பு: திருப்பிப் போடுவது யார் வேலை?

குழித்துறைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் முடிந்தது. சர்க்கரையும் பி.பி.யும் பழைய கதை. பைஸ்டாண்டராக நான்தான் கூட இருக்கிறேன்.

இன்று காலை உடம்பு துடைத்துவிடும்போது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம் பார்த்தேன். கறுத்துச் சிவந்து கிடக்கிறது. தோல் கிழியவில்லை. கை வைத்தால் "வலிக்கு மக்களே" என்கிறார். பகல் டியூட்டி சிஸ்டரிடம் காட்டினேன். "அடிக்கடி திருப்பிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று ராத்திரி இருந்தவரோ, "ஆபரேஷன் செய்த கால், நீங்களாகத் தொடாதீங்க, எங்களைக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டால் அவர் வேறு கட்டிலில் நிற்கிறார். நான் எதைக் கேட்பது?

இது பெட் சோர் (படுக்கைப் புண்) ஆரம்பமா? பவுடர் போடலாமா? ஏர் பெட் எங்கே கிடைக்கும் என்று அண்ணன் மார்த்தாண்டத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

பால்வெட்டு_பாபு:
யோசிக்கவே வேண்டாம், ஏர் பெட் வாங்கிப் போடுங்கள். எங்கள் மாமியார் பக்கவாதத்தில் கிடந்தபோது வாங்கினோம். மோட்டார் தானே காற்றை மாற்றி மாற்றி அடிக்கும், ஆளைத் திருப்பவே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார்.

குளச்சல்_சிஸ்டர்:
பாபு அண்ணே, கடைக்காரர் விற்கிறவர், அப்படித்தான் சொல்வார். ஏர் பெட் நல்ல சாமான், அதைப் பிறகு பேசலாம். அது ஆளைத் திருப்பாது.

குழித்துறை அக்கா, நான் திருவனந்தபுரத்திலும் பிறகு மஸ்கட்டிலும் வார்டில் வேலை பார்த்தவள். முதலில் அந்தத் தடத்தை ஒரு விரலால் சில நொடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்து, உடனே நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் இருக்கிறது. பாரத்தை எடுத்துவிட்டால் தானாக மறைந்துவிடும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண். தோல் முழுதாக இருந்தாலும் புண் புண்தான்.

ஆனால் இந்தச் சோதனையை எழுதி வைத்தவர்கள் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியவர்கள். நம் ஆட்களின் நிறத்தில் சிவப்பும் சரியாகத் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக அல்லது குளிர்ந்து இருக்கிறதா? அமுக்கினால் கெட்டியாக நிற்கிறதா, இல்லை சதசதவென்று உள்ளே போகிறதா? தோல் மினுங்குகிறதா? போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கத்தரிப்பூ நிறமாகவோ கருநீலமாகவோ இருந்தால் இன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். படுக்கைக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முதலில் சாவது தசை. தோல் கடைசியில்தான் விட்டுக்கொடுக்கும். மரத்திலிருந்து விழுந்த மாம்பழம் மாதிரி, மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே கன்றிப் போயிருக்கும். அப்படிப்பட்ட இடம் பிறகு ஒரே ராத்திரியில் பிளந்துகொள்ளும். வீட்டுக்காரர்கள் "நேற்று வரை ஒன்றும் இல்லையே" என்பார்கள்.

பவுடர் வேண்டாம். வியர்வையில் கட்டிபிடித்து மடிப்பில் உரசும். தேய்க்கவும் வேண்டாம்.

பாட்டா_பேரன்:
சிஸ்டர், நிலை என்றால் எத்தனை உண்டு? எங்கள் பாட்டாவுக்கு "கிரேடு மூன்று" என்று எழுதியிருக்கிறார்கள்.

குளச்சல்_சிஸ்டர்:
நாலு. முதலாவது, தோல் கிழியாத தடம். இரண்டாவது, மேல்தோல் உரிந்து அல்லது நீர்க்கொப்புளம் கட்டியது. மூன்றாவதில் குழி விழுந்து கொழுப்பு தெரியும். நாலாவதில் தசை, தசைநாண், எலும்பு வரைக்கும் போயிருக்கும். குழியை மஞ்சளாகவோ கறுப்பாகவோ செத்த சதை மூடியிருந்தால் ஆழம் சொல்ல முடியாது, அது தனிக் கணக்கு. முதல் இரண்டோடு நிறுத்திவிட்டால் பிழைத்தோம். மூன்றுக்குப் போனால் மாதக்கணக்கு.

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
நான் எலும்பு டாக்டர் இல்லை, பொது மருத்துவம். இருந்தாலும் இந்த இடுப்பு எலும்பு முறிவுக் கதையை வாராவாரம் பார்க்கிறேன், அதனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

இன்று காலையில் தடம் தெரிந்தது என்பதால் நேற்று ராத்திரி டியூட்டியில் இருந்தவர்மேல் பழி போடாதீர்கள். ஆழத்தில் நசுங்கிய தசை வெளியே நிறம் காட்டுவதற்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். உங்கள் அப்பா விழுந்த இடத்தில் எவ்வளவு நேரம் கிடந்தார்? அப்புறம் ஆம்புலன்ஸ் பலகை, கேஷுவாலிட்டியில் மெல்லிய ரெக்சின் போட்ட டிராலி, எக்ஸ்ரே மேஜை, ஆபரேஷன் மேஜை. இதில் பாதி நேரம் வலிக்குப் பயந்து அசையவே மாட்டார்கள். இன்னொரு பாதி மரத்துப்போக ஊசி போட்டிருப்பதால் வலியே தெரியாது. நமக்கெல்லாம் தூக்கத்தில்கூட உடம்பு உறுத்தினால் தானாகப் புரண்டுவிடுகிறோம். அந்த உறுத்தலை உணரவும் முடியாமல், உணர்ந்தாலும் புரள முடியாமல் கிடப்பவருக்குத்தான் இந்தப் புண் வருகிறது. எலும்பு முறிந்தவருக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று நாங்கள் அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுண் ரத்தக் குழாய்க்குள் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று 1930-இல் அளந்தார்கள். ஆரோக்கியமான ஆளின் நகக்கண்ணில் எடுத்த அளவு அது. வயதானவர், சர்க்கரை, ரத்தசோகை, பி.பி. இறங்கியிருக்கிறது என்றால் அதைவிடக் குறைந்த பாரத்திலேயே குழாய் மூடிக்கொள்ளும். ஒல்லியான ஆள் மல்லாந்து கிடந்தால் வால் எலும்பில் விழும் அழுத்தம் இதைச் சுலபமாகத் தாண்டும்.

மூன்று விஷயத்தை நாளை ரவுண்ட்ஸில் சர்ஜனிடமே கேளுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம், கால்களுக்கு நடுவில் தலையணை கட்டாயமா, எந்த நாளிலிருந்து எழுப்பி உட்கார வைக்கலாம். பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் பகல் சிஸ்டர் ஒன்று, ராத்திரி சிஸ்டர் ஒன்று என்ற பேச்சு முடிந்துவிடும். பெரும்பாலான ஆபரேஷனுக்குப் பிறகு முட்டிகளுக்கு நடுவில் நல்ல தடித்த தலையணை வைத்து, கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகாமல் பிடித்துத் திருப்பலாம். சர்ஜன் சொன்னால் சரி.

குழித்துறைக்காரி:
நன்றி டாக்டர். கேஷுவாலிட்டியில் ரொம்ப நேரம் டிராலியில்தான் கிடந்தார், உண்மைதான். இப்போது அழுத்திப் பார்த்தேன், வெளுத்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. சூடு நன்றாகத் தெரிகிறது.

குளச்சல்_சிஸ்டர்:
சந்தேகம் வந்தாலே புண் என்று வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை. இனி மல்லாந்து படுக்க வைப்பதைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ஜன் அனுமதி கிடைத்ததும் திருப்பும் விதம் சொல்கிறேன். ஒரு ஆள் செய்தால் இழுப்பார், இழுத்தால் தோல் உரியும். அதனால் இரண்டு பேர். ஒரு பழைய இரட்டை வேட்டியை நாலாக மடித்து, தோள் முதல் தொடை நடு வரை வரும்படி அப்பாவுக்கு அடியில் முன்கூட்டியே விரித்து வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று வேட்டி விளிம்பை உடம்பு ஓரம் வரைக்கும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்குங்கள். திரும்பப் போகிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும், அப்போதுதான் திரும்பிய பிறகு நடுவில் கிடப்பார். கால் நடுவில் தலையணை. பிறகு வேட்டியாலேயே மெதுவாகச் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை அடை கொடுங்கள். முழுதாக 90 டிகிரி ஒருக்களிக்க வைக்கக் கூடாது, இடுப்பு பக்கத்து எலும்பில் மொத்தப் பாரமும் இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும். சரியாகச் செய்தோமா என்று பார்க்க வழி இருக்கிறது. உங்கள் கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். கை தடையில்லாமல் போக வேண்டும். அடியில் அகப்பட்ட தோளைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே வலிக்கிறது என்று அரை மணியில் கத்துவார்.

கடைசியாக, அடியில் என்ன கிடக்கிறது என்று தடவிப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. யூரின் டியூப் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கும். ஊசி மூடி, ஈ.சி.ஜி. ஸ்டிக்கர், பிஸ்கட் துண்டு, டயப்பர் மடிப்பு, சுருங்கிய ரப்பர் ஷீட் எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். ஆக்சிஜன் டியூப் காதுக்குப் பின்னால் அறுத்திருக்கும். மூக்கில் டியூப் இருந்தால் நாசி ஓரத்தையும் பாருங்கள்.

பால்வெட்டு_பாபு:
இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும் என்பார்களே, ராத்திரியுமா? பைஸ்டாண்டர் பாஸ் ஒன்றுதான் தருகிறார்கள். அந்த அக்கா கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருக்கும் ஆள். இரண்டு பேருக்கு எங்கே போவது?

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரம் என்பது பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு, கல்வெட்டு இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2013-இல் வெளிவந்தது. இரண்டு, மூன்று, நாலு மணிக்கொரு முறை என்று பிரித்துத் திருப்பினார்கள். மூன்று பிரிவிலும் புண் வந்த அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள், தொடக்கத்தில் புண் எதுவும் இல்லாதவர்கள். நம் வார்டில் நடுவில் பள்ளம் விழுந்த மெத்தைக்கும் ஏற்கெனவே தடம் விழுந்த ஆளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

இவருக்கு இப்போதைக்குப் பகலில் இரண்டு மணி நேரம். நல்ல மெத்தை வந்து, தடமும் மங்கினால் ராத்திரியில் மூன்று மணி நேரமாக நீட்டிப் பார்க்கலாம். திருப்பும்போது பழைய இடத்தில் சிவப்பு மறையாமல் இருந்தால் இடைவெளி அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைவிடத் தோல் சொல்வதைக் கேட்பது நல்லது.

குளச்சல்_சிஸ்டர்:
பாபு அண்ணன் கேட்டதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. ராத்திரி டியூட்டியில் நான் தனியாக நின்ற வார்டுகள் உண்டு. பத்து மணி மருந்து, இன்சுலின், ஒருவருக்கு மூச்சுத் திணறல், புதிதாக ஒரு அட்மிஷன். நடுவில் திருப்புவது தள்ளிப்போகும். பைஸ்டாண்டர் திருப்பியிருப்பார் என்று நான் நினைப்பேன், சிஸ்டர் திருப்புவார் என்று அவர் நினைப்பார். ஊசி போடாமல் விட்டால் சார்ட்டில் ஓட்டை தெரியும். திருப்பாமல் விட்டால் எங்கேயும் தெரியாது, முதுகில்தான் தெரியும். யாருடைய வேலை என்று பெயர் எழுதாத வேலை ஆஸ்பத்திரியில் நடக்காது.

ஆகவே ஒரு தாளில் நேரம் கோடு போட்டு, வலது, இடது, மல்லாந்து என்று எழுதி, யார் செய்தது என்று ஒரு கட்டம் வைத்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். ஹெட் சிஸ்டரிடம் போய், "இந்தந்த நேரம் நான் பார்க்கிறேன், இந்த நேரம் மட்டும் உங்கள் ஆள் கை கொடுக்க வேண்டும்" என்று பேசி முடியுங்கள். பொதுவாக "வந்து திருப்புங்கள்" என்றால் யாரும் வரமாட்டார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் இரண்டு சிஸ்டர் ஒன்றாக நிற்பார்கள், தூக்கவும் சுலபம், தடத்தை இருவரும் பார்த்த மாதிரியும் ஆகும். அட்டெண்டர் அண்ணன்மார்களையும் விட்டுவிடாதீர்கள். சரியாகத் தூக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டு திருப்பலுக்கு நடுவில் ஒரு ஆளே செய்யக்கூடியதும் உண்டு. முதுகுத் தலையணையைச் சற்று உருவி, சாய்வைக் கொஞ்சம் மாற்றுவது, கையை இடம் மாற்றி வைப்பது. சின்ன அசைவுதான், ஆனாலும் அழுத்தம் விழும் இடம் கொஞ்சம் மாறும்.

கருங்கல்_தாசன்:
எங்கள் அம்மைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நிமோனியாவுக்கு ஐ.சி.யு.வில் வைத்தார்கள், உள்ளே விடமாட்டார்கள். வெளியே கொண்டுவந்த அன்று முதுகில் கை முஷ்டி போகும் குழி. டிஸ்சார்ஜ் சம்மரியில் புண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால் "வயசாச்சு இல்லையா" என்கிறார்கள். வயசானால் முதுகில் ஓட்டை விழுமா? அந்த ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னால்…

நெறியாளர்:
பெயர் வேண்டாம் தாசன் அண்ணா. விஷயத்தைத் தாராளமாகப் பேசுங்கள்.

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
தாசன், உங்கள் கோபம் நியாயம். எல்லாப் புண்ணையும் தடுக்க முடியாது, அதுவும் உண்மை. பி.பி.யைத் தாங்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அசைத்தாலே இதயம் தடுமாறும் நோயாளிகள் ஐ.சி.யு.வில் உண்டு. ஆனால் தடுக்க முடியாமல் வந்ததா, பார்க்காமல் வந்ததா என்பதற்குப் பதில் குறிப்பில்தான் இருக்கும். குறிப்பே இல்லை என்பது பதில் இல்லை.

சேரும் அன்றே புண் வரும் அபாயத்தை மதிப்பெண் போட்டு எழுத வேண்டும். பிரேடன் அளவுகோல் என்று 1987-இல் வெளியானது, இங்கே பல ஆஸ்பத்திரிகளில் அதுதான். உறுத்தலை உணர்கிறாரா, ஈரம், நடமாட்டம், தானாக அசையும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு தலைப்பு. மொத்தம் 6 முதல் 23 வரை. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் அபாயம், மதிப்பெண் குறையக் குறைய மோசம். அட்மிஷனுக்குப் பிறகு எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது என்று கணக்கு வைப்பது என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற ஆஸ்பத்திரிகளின் கடமைகளில் ஒன்று. "எங்க அப்பாவுக்குப் பிரேடன் எவ்வளவு சிஸ்டர்?" என்று சும்மா ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்கிற வீட்டார் இருக்கும் கட்டிலுக்குக் கவனிப்பு கூடும். இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் அதுதான் நடப்பு.

ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றும்போதும், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் முதுகையும் குதிகாலையும் அவர்கள் முன்னிலையிலேயே பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் மாறி மாறிப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். புண் எந்தப் பக்கம் வந்தது என்று பிறகு இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள்.

பாட்டா_பேரன்:
குதிகால் என்றதும் கேட்கிறேன். பாட்டாவுக்கு இடது குதிகாலில் கறுப்பாகக் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருக்கிறது. கையுறையில் தண்ணீர் ஊற்றிக் கட்டி அடியில் வைத்திருக்கிறோம். அந்தக் கறுப்பை வெட்டி எடுக்க வேண்டுமா?

குளச்சல்_சிஸ்டர்:
தம்பி, அந்தத் தண்ணீர்க் கையுறையை முதலில் தூக்கிப் போடு. அதுவும் ஒரு பொருள்தான், குதிகால் அதன்மேல்தான் அழுந்துகிறது. குதிகாலுக்கு அடியில் எதுவுமே இருக்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளமாகத் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், ஒரு காகிதம் நுழைந்து வெளியே வர வேண்டும். முட்டிக்குப் பின்னால் மட்டும் முட்டுக் கொடுக்காதே, முழங்கால் லேசாக மடங்கி இருந்தால் போதும்.

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
காய்ந்து, இறுக்கமாக ஒட்டி, சுற்றிலும் சிவப்போ நீரோ நாற்றமோ இல்லாத குதிகால் கறுப்பை வெட்டக் கூடாது. அதுவே உடம்பு போட்ட கட்டு. அதுவும் சர்க்கரைக்காரர் என்றால் காலுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் கத்தி வைக்கவே கூடாது. அமுக்கினால் உள்ளே தளதளவென்று இருந்தாலோ ஓரத்தில் கசிந்தாலோ உடனே காட்டுங்கள்.

செங்கோட்டை_மணி:
எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் முறிவெண்ணெய்தான். எலும்பு முறிவு, சதை முறிவு, புண். புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போய் வாங்கிவருவோம். படுக்கைப் புண்ணுக்கு ஊற்றலாமா? ஆச்சி காலத்தில் ஸ்பிரிட் தேய்த்து பவுடர் போட்டதும் ஞாபகம் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள்.

குளச்சல்_சிஸ்டர்:
செய்தார்கள், எனக்குமே பயிற்சியில் அப்படிச் செய்யும் சீனியர்கள் இருந்தார்கள். ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும், வறண்ட தோல் சீக்கிரம் வெடிக்கும். அதை எப்போதோ விட்டாயிற்று. சிவந்த இடத்தைத் தேய்ப்பதும் அப்படியே. உள்ளே நசுங்கிய தசையை இன்னும் நசுக்குவதாகும். வறண்ட கை கால் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள், நல்லது. தடம் விழுந்த இடத்தில் உருவ வேண்டாம்.

முறிவெண்ணெயை நான் குறை சொல்லவில்லை. ஆபரேஷன் தையல் பக்கத்தில் இருக்கிறது, திறந்த குழி இருக்கிறது என்றால் வார்டு டாக்டருக்குத் தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். இன்னொன்று, எந்தத் தைலமும் எந்த ஆயிண்ட்மென்டும் பாரத்தைத் தூக்காது. பாரம் அப்படியே இருந்தால் தங்க பஸ்பம் போட்டாலும் புண் ஆறாது.

நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம். ஓட்டைக்குள் இருக்கும் சதைக்கு ரத்தம் வரும் வழியைச் சுற்றி நெரித்துவிடும்.

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
திறந்த புண்ணைக் கழுவ நார்மல் சலைன் (மருந்துக்கடை உப்புநீர்) போதும். ஆறத் தொடங்கி இளஞ்சிவப்பாகச் சதை வளரும் புண்ணில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பொங்கவிடுவது வளரும் சதையைக் கொல்வது. கட்டுத் துணியை ஈரமாக, தளர்வாக வையுங்கள். குழிக்குள் இறுக்கித் திணித்தால் அதுவே உள்ளிருந்து ஒரு அழுத்தம். செத்த சதையை எடுப்பது டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ செய்ய வேண்டியது. ஆன்டிபயாட்டிக் எல்லாப் புண்ணுக்கும் வேண்டாம். காய்ச்சல், குழப்பமான பேச்சு, புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ் என்று வந்தால் காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே விஷம் ரத்தத்தில் ஏறலாம், திடீரென்று சோர்ந்து உளறினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறைக்காரி:
சர்ஜன் வந்தார். நல்ல காலின் பக்கம் சாய்க்கலாம், நடுவில் தலையணை கட்டாயம், நாளை பிசியோ வந்து உட்கார வைப்பார் என்று எழுதிவிட்டுப் போனார். தாளும் ஒட்டியாயிற்று. ஹெட் சிஸ்டர் சிரித்துவிட்டு அவர்களுடைய அச்சடித்த சார்ட்டையே கொண்டுவந்து மாட்டினார். இருந்திருக்கிறது பாருங்கள், கேட்டால்தான் வெளியே வருகிறது!

அடுத்த கேள்வி, டயப்பர். ஈரம் தங்காமல் இருக்க இரண்டு டயப்பர் போடச் சொல்கிறார்கள் பக்கத்துக் கட்டில்காரர்கள். சாப்பாடும் சரியில்லை. காலையும் ராத்திரியும் கஞ்சியும் பப்படமும்தான் கேட்கிறார்.

குளச்சல்_சிஸ்டர்:
ஒன்றுதான், அதுவும் கட்டிலில் இருக்கும்போது முன்னால் ஒட்டாமல் திறந்து விரித்தே வைக்கலாம். இரண்டு போட்டால் சூடும் மடிப்பும். மலம் போனால் உடனே மாற்றுங்கள், மூத்திரத்தைவிட மலம்தான் தோலை அரிக்கும். சோப்புப் போட்டு உரசாமல் தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுத்து, துத்தநாகம் கலந்த களிம்பை மெல்லிசாகப் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய களிம்பைச் சுரண்டாதீர்கள். தொடையிடுக்கிலும் பிட்ட மடிப்பிலும் பரவலாகச் சிவந்து எரிந்தால் அது ஈரத்தால் வந்தது, எலும்பு மேட்டில் வட்டமாக இருந்தால் அழுத்தத்தால் வந்தது. இரண்டும் சேர்ந்தும் வரும்.

சாப்பாட்டை டாக்டர் சொல்லட்டும்.

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
கஞ்சி வயிற்றை நிரப்பும், சதையை வளர்க்காது. புண் உள்ளவருக்கு, ஊட்டமும் குறைந்திருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம், 30 முதல் 35 கலோரி என்று 2019-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. 50 கிலோ ஆளுக்குப் புரதம் மட்டும் 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், அப்போது கணக்குப் பாருங்கள். கஞ்சியை நிறுத்த வேண்டாம், சிறுபயறு சரிபாதி போட்டு வையுங்கள். மத்தியானம் சாளை அல்லது நெத்திலி, முள் நீக்கிப் பிசைந்து. இரண்டு முட்டை, பால், தயிர். மரச்சீனி கேட்டால் கொடுங்கள், கூட மீன் இல்லாமல் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்குப் பயந்து பட்டினி போடுவது இப்போது தப்பு, இன்சுலினைச் சரிசெய்துகொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஊட்டும்போது கட்டில் தலையை நன்றாக உயர்த்த வேண்டும், புரையேறக் கூடாது. உணவு இறங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் 30 டிகிரிக்குக் குறைத்துவிடுங்கள். உயர்த்தியே வைத்தால் ஆள் சரிந்து கீழே வருவார். தோல் விரிப்பில் ஒட்டி நிற்க எலும்பு கீழே நழுவும். அந்த இழுவையில் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். தலையைத் தூக்குவதற்கு முன்னால் கால்மாட்டில் முட்டிப் பக்கத்தைச் சற்று உயர்த்திவிட்டால் சரியமாட்டார்.

பால்வெட்டு_பாபு:
சரி, ஏர் பெட் வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள். அண்ணன் கடையில் நிற்பார்.

குளச்சல்_சிஸ்டர்:
வேண்டும் அண்ணே, வாங்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலேயே வாடகைக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்டால் பணம் மிச்சம். போட்டபின் எடைக்கு ஏற்ற காற்றளவைத் திருகி வையுங்கள். சரிதானா என்று பார்க்க, இடுப்பு விழும் இடத்தில் மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்கள். கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலக் காற்றாவது தடுக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாத கணக்கு. மேலே ஒரு மெல்லிய விரிப்பு போதும். ரப்பர் ஷீட், அதன்மேல் போர்வை, அதன்மேல் டவல் என்று அடுக்கினால் காற்று மாறுவது உடம்புக்கு எட்டாது. வீட்டுக்குப் போனபின் கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசித்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் குலசேகரம் திற்பரப்புப் பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

கருங்கல்_தாசன்:
வீட்டுக்குப் போனபின் யார் வந்து கட்டுவார்கள்? பாறசாலையில் என் சித்திக்குப் பஞ்சாயத்திலிருந்தே பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) நர்ஸ் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போகிறார். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் என்றால் வருவதில்லை.

நெய்யாற்றங்கரை_டாக்டர்:
அது கேரள உள்ளாட்சிகளின் ஏற்பாடு, அந்தந்தப் பஞ்சாயத்துக்காரர்களுக்கு. 2008-இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதிலும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புக் கவனிப்பும் பிசியோதெரபியும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். திருவனந்தபுரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் புண் இருக்கும் இடம், நீள அகலம், ஆழம், என்ன கட்டு என்று எழுதி வாங்கினால்தான் இங்கே வரும் நர்ஸுக்கு உதவும். வாரம் ஒரு முறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது யாராலும் முடியாது.

செங்கோட்டை_மணி:
உட்கார வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே? எங்கள் சித்தப்பா சாய்வு நாற்காலியில் காலை முதல் சாயங்காலம் வரை இருப்பார்.

குளச்சல்_சிஸ்டர்:
உட்கார வைப்பது நுரையீரலுக்கும் மனதுக்கும் நல்லது. பிட்டத்துக்கு இல்லை. படுத்தால் பாரம் உடம்பு முழுக்கப் பரவும், உட்கார்ந்தால் முக்கால்வாசி இரண்டு எலும்பு முனையில் இறங்கும். சாய்வு நாற்காலியில் சரிவு வேறு. புண் இருக்கும்போது ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நல்ல குஷன் போடுங்கள், பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். கைகளை ஊன்றி எழும்ப முடிந்தவர் என்றால் கால் மணிக்கொரு தடவை பிட்டத்தைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். முடியாதவரைப் பக்கவாட்டில் மாற்றி மாற்றிச் சாய்த்துவிடுங்கள். சித்தப்பாவை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அப்போது பிட்ட எலும்பு இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.